டியூப் லெவலோடு வந்த பெண்



இரண்டு வாரமாகப் பதிவு எதுவும் போடவில்லை, உடம்புக்கு முடியவில்லையா என்று பத்துப் பேராவது போன் செய்துவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வழக்கம்போல. ஒரு விஷயத்தை மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் போகும். அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

1993 பேட்ச் மாணவன் ஒருவன் இப்போது கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான், அதனால் சொல்லவில்லை. உங்களில் பலருக்குத் தெரியும், மேப் வரையும்போது கடலுக்கு மட்டும் மூன்று வித நீலம் தீட்டுவானே, அவன்தான். போன மாதம் போன் செய்தான். "டீச்சர், எங்க பசங்க ஒரு செமஸ்டர் முழுக்க வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வேலை பண்ணியிருக்காங்க. வெள்ளம் வர்ற ஊரை எப்படி அமைக்கிறதுன்னுதான் தலைப்பு. ஜூரிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவங்க ரெண்டு பேர் வேணும். நீங்க வரணும்" என்றான். ஜூரி என்றால் நீதிமன்றம் மாதிரியாடா என்றேன். ஏறக்குறைய அப்படித்தான் டீச்சர், ஆனா குற்றவாளிங்கதான் சார்ட் ஒட்டிட்டுப் பேசணும் என்றான்.

காரும் அனுப்பினான். போனேன்.

பெரிய கூடம். சுவர் முழுக்க ஆள் உயரத் தாள்கள். நடுவில் மேஜைகளில் அட்டையிலும் தெர்மாகோலிலும் செய்த மாடல்கள். முதலில் கண்ணில் பட்டது நீலம்தான். எங்கே பார்த்தாலும் நீலம். நாற்பது வருடம் பூகோளம் நடத்தியவளுக்கு நீலம் பார்த்தால் சந்தோஷம் வரும். ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தபோது அந்த நீலத்துக்குள் என் தெரு இருந்தது. எங்கள் தெருவையும் அடுத்த நான்கு தெருக்களையும் ஒரு பையன் ஏரியாக்கிவிட்டான். நடுவில் மரப்பலகைப் பாலம், பாலத்தில் ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடக்கிறது.

"தம்பி, இந்த இடத்தில் இப்போது வீடுகள் இருக்கின்றனவே?" என்றேன்.

"அவங்களை ரீலொகேட் பண்றோம் மேடம்."

"எங்கே?"

பையன் தாளைப் பார்த்தான். தாளில் அது இல்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது என்று அவன் சொன்னது உண்மைதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அதன் எல்லைக்குள் வந்தது சுமார் 1,250 ஹெக்டேர். மீதி எல்லாம் வீடு, ஐ.டி. கம்பெனி, ரோடு, குப்பைமேடு. இது நம் தலைமுறையில் மட்டும் நடந்ததும் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாக நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்னமும் பெயர்ப்பலகை இருக்கிறது. வியூவுக்கு ஏரிதான் இல்லை. பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல் என்று பஸ்ஸில் போர்டு பார்க்கிறோமே, தாங்கல் என்றாலே சின்ன ஏரி. ஒக்கியம் மடுவு என்கிறோம், மடு என்றால் ஆழமான நீர்நிலை. பெயர் வைத்தவர்கள் எச்சரித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிடுகிறேன். வாட்ஸப்பில் ஒவ்வொரு மழைக்கும் தவறாகச் சுற்றுகிறது. 2015 டிசம்பரில் வேளச்சேரி முழுகியது செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் என்று நம் ஆட்களே எழுதுகிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றுக்குப் போகிறது. அன்றைக்கு வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததில் அடிபட்டது ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம். வேளச்சேரி, மடிப்பாக்கம், நாராயணபுரம் தண்ணீருக்கு வேறு வழி. அது பள்ளிக்கரணைச் சதுப்பில் விழுந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே முட்டுக்காட்டுப் பக்கம் போய்க் கடலைப் பார்க்க வேண்டும். சதுப்பு நிரம்பி, மடுவு நெருங்கிக் கிடந்தால் தண்ணீர் திரும்பி நம் வாசலில்தான் நிற்கும். அன்றைய ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. எந்த ஏரியைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அந்த மழைக்கு நம் பக்கம் வழி போதாது. இந்தப் பிள்ளைகளின் முதல் தாளிலேயே இந்த இரண்டு வடிநிலமும் தனித்தனி நிறத்தில் சரியாக இருந்தது. அதற்கே பாதி மார்க் போட்டுவிடலாம் என்று தோன்றியது.

அடுத்து ஒரு கோயம்புத்தூர்ப் பையன். மிதக்கும் வீடு. நெதர்லாந்தில் இருக்கிறதாம். தண்ணீர் ஏற ஏற வீடும் ஏறும். மாடல் ரொம்ப அழகு, தொட்டிக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றியே காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு கேட்டேன்: "கண்ணா, இங்கே வெள்ளம் வருடத்தில் நாலு நாள், ஐந்து நாள். சில வருடம் வராது. மற்ற நாளெல்லாம் உன் வீடு சேற்றில் உட்கார்ந்திருக்கும். 2019-இல் நாலு ஏரியும் வற்றி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அன்றைக்கு இது எதில் மிதக்கும்?" சிரித்துவிட்டான். நல்ல பையன். முழுகுவதும் காய்வதும் ஒரே ஊர் என்பதுதான் சென்னையின் கஷ்டம். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது.

மூன்று தாளுக்கு ஒரு தாளில் 'ஸ்பாஞ்ச் சிட்டி' என்று எழுதியிருந்தது. சீனாவின் கொங்ஜியான் யூ பரப்பிய யோசனை. ஊரே பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. நல்ல யோசனைதான். நம் மாநகராட்சியும் ஸ்பாஞ்ச் பார்க் அமைக்கிறது. ஆனால் வேளச்சேரியில் போர் போட்டவர்களுக்குத் தெரியும், கீழே களிமண். நவம்பர் கடைசியில் நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். ஏற்கெனவே நனைந்த பஞ்சை வைத்து எதைத் துடைப்பது? மைலாப்பூர், பெசன்ட் நகர் மணலுக்குச் சரிப்படுவது நமக்குச் சரிப்படாது.

இதைப் புரிந்துகொண்ட ஒரு குழு இருந்தது. மூன்று பேர். உறிஞ்சுவதை விட்டுவிட்டுத் தேக்குவதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆதம்பாக்கத்திலிருந்து சதுப்பு வரை வரும் வீராங்கல் ஓடையை ஒட்டி இருக்கிற விளையாட்டு மைதானங்கள், பள்ளி மைதானங்கள் இவற்றை இரண்டடி தாழ்த்திவிட வேண்டும். மழை நாளில் இரண்டு மூன்று நாள் குளம், மற்ற நாள் மைதானம். கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் அரசு குளம் வெட்டியதைப் பார்த்து வந்த யோசனை என்றார்கள். எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கேட்டேன், நிறைய மேடம் என்றார்கள். நிறைய என்பது அளவா? நம் வகுப்பு மாதிரி பலகையில் கணக்குப் போட வைத்தேன். மூன்று ஏக்கர், இரண்டடி ஆழம்: 2,61,360 கன அடி. லிட்டரில் சுமார் 74 லட்சம். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது 10 கோடி லிட்டர். அப்படியானால் ஒரு மைதானம் நூறில் ஏழு பங்கைப் பிடித்து வைக்கும். பத்து மைதானம் இருந்தால்? பிள்ளைகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது, தங்கள் யோசனை இவ்வளவு நல்லதென்று அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆனாலும் ஒன்று கேட்டேன். வெள்ளம் வந்தால் நிவாரண முகாம் எங்கே நடக்கும்? பள்ளிக்கூடத்தில்தான். மைதானம் குளமானால் ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு எப்படி உள்ளே வருவார்கள்? மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பெண் பென்சிலை எடுத்து, கேட்டிலிருந்து வராந்தா வரை மேடான நடைபாதை ஒன்றை அங்கேயே வரைந்தாள். அந்த நடைபாதையே மைதானத்துக்குக் கரை ஆகட்டும் என்றாள். ஏரிக்கரை மேல் நடப்பதுபோல. எனக்கு அந்தக் குழந்தையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டின்போதுதான் இன்னொரு 'குடியிருப்பவர்' யார் என்று தெரிந்தது. நரைத்த தாடியோடு ஒருவர் வந்து, "டீச்சர், நான் எண்பத்தேழு செட்டு. ஆத்தோரப் பையன்" என்றார். சைதாப்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து வந்து படித்தவர். கபடி ஆடுவார். ஆட்டோ ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார். 2015-க்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களை அப்புறப்படுத்தியபோது அவர் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? அதே சதுப்பின் ஓரத்தில். 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அங்கே.

பெரும்பாக்கத்தை எடுத்துக்கொண்ட நாலு பிள்ளைகள்தான் அவரை அழைத்து வந்திருந்தார்கள். மூன்று வாரம் தினமும் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தாளில் நீலமே இல்லை. அடுக்குமாடி வீடுகளில் மழை நாளில் என்னென்ன நிற்கிறது என்று ஒரு வரிசை: கரண்ட் நிற்கிறது, மோட்டார் நிற்கிறது, லிஃப்ட் நிற்கிறது, பஸ் நிற்கிறது, வேலை நிற்கிறது, கூலி நிற்கிறது. அதற்கு அவர்கள் செய்தது: மின்பெட்டியையும் மோட்டாரையும் வெள்ள மட்டத்துக்கு மேலே தூக்குவது, ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் முதல் மாடியில் பாலம் போட்டு மெயின் ரோடு வரை நனையாமல் வர வழி செய்வது, ரேஷன் கடையையும் கிளினிக்கையும் அந்தப் பாலத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவது. பார்க்க ஒன்றும் அழகில்லை. இரும்புப் பாலமும் படிக்கட்டும்தான்.

நம் ஆட்டோக்காரர் நெடுநேரம் பார்த்தார். "பாலம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆத்தோரம் இருந்தப்ப தண்ணி வந்தா அள்ளிக்கினு ஓடுவோம். ஆனா வேலை பக்கத்துல, ஸ்கூலு பக்கத்துல, ஆஸ்பத்திரி பக்கத்துல. இங்க தண்ணி வந்தா மாடியில பத்திரமாத்தான் நிக்கிறோம். வேலைதான் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அதுக்கு எங்க பாலம் போடுவீங்க?" என்றார். கூடத்தில் யாரும் பேசவில்லை. பிறகு அவரே, "போடுங்க, இதாவது போடுங்க" என்று பிள்ளைகளின் தோளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

இந்த வார்த்தை என்னை விடவே இல்லை. காலையில் அந்தப் பையனிடம் நான் 'எங்கே' என்று கேட்டதற்குப் பதில் இவர்தான். வரைபடத்தில் ஓர் இடத்தை நீலமாக்கினால், அங்கே இருந்தவர் இன்னோர் இடத்தில் எட்டு மணி பஸ்ஸுக்கு நிற்கிறார்.

சாயங்காலம் கடைசியாக ஒரு பெண் வந்தாள். திருவாரூர்ப் பக்கம் கிராமம். மாடல் கிடையாது. ஒரே ஒரு நீளமான தாள், பன்னிரண்டு அடி இருக்கும், இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் ஒட்டினார்கள். அதில் ஒரே ஒரு படம். ஒரு தெருவின் குறுக்குவெட்டுத் தோற்றம். ஞாபகம் இருக்கிறதா, சம உயரக் கோடுகளை வைத்துக் குறுக்குவெட்டு வரையச் சொன்னால் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்களே, அதேதான். அவர்கள் செக்ஷன் என்கிறார்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் தெரியும் அல்லவா, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய், அதை வைத்துக்கொண்டு வேளச்சேரியில் ஒரு தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசற்படியையும், ரோட்டையும், வடிகால் மூடியையும், பின்பக்கச் சந்தையும் அளந்திருக்கிறாள். ஒரு கொத்தனாரை அழைத்துக்கொண்டு, ஒன்பது நாள்.

எங்கள் தெரு இல்லை அது. ஆனால் எங்கள் தெருவேதான். நாங்கள் 1996-இல் குடிவந்தபோது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி கேட்டுக்குள் போவோம். இப்போது ஒரு படி இறங்குகிறோம். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு வந்தார்கள். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார், அதற்குள் இரண்டடி ஏறிவிட்டது. ரோடு ஏறினால் வடிகாலும் ஏறும். வீட்டுத் தண்ணீர் வடிகாலுக்குப் போவதற்குப் பதிலாக வடிகால் தண்ணீர் வீட்டுக்குள் கொப்பளிக்கும். அதனால் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர் மண்ணடித்து ரோட்டுக்கு மேல் நாலடி ஏற்றுகிறார். உடனே பக்கத்து வீடு குழி. அவரும் இடித்து ஏற்றுகிறார். ஏற்ற முடியாதவர் குழியிலேயே இருக்கிறார்.

அந்தப் படத்தில் இது ஏணி மாதிரி தெரிந்தது. மேலே புது அடுக்குமாடிகள், நடுவில் ரோடு, கீழே 1990-களின் வீடுகள், அதற்கும் கீழே பின்பக்க லைன் வீடுகள். 2015-இல் தண்ணீர் நின்ற உயரம், 2023 மிக்ஜாம் புயலில் நின்ற உயரம் இரண்டையும் சுவர்க்கறையைப் பார்த்து, வீட்டுக்காரர்களைக் கேட்டு, இரண்டு கோடாகப் போட்டிருந்தாள்.

அவள் சொன்ன திட்டம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. ரோட்டைச் சுரண்டிப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவருவது. இனிமேல் கட்டுகிறவர் மனையில் மண்ணடிக்கக்கூடாது, தூண் மேல் நிறுத்தட்டும், தூண்களுக்கு நடுவே தரை இருந்த மட்டத்திலேயே இருக்கட்டும், தண்ணீர் அடியில் ஓடட்டும். மனைகளின் பின்பக்கம் வரிசையாக மூன்று மூன்றடி விட்டு ஒரு பொது வடிகால். "எங்க ஊர்ல பாசன வாய்க்கால் வேற, வடிகால் வேற மேடம். வாய்க்காலுக்கு எல்லாரும் சண்டை போடுவாங்க, வடிகாலுக்கு எல்லாரும் சேர்ந்து மண்வெட்டி எடுப்பாங்க. ஒருத்தர் வரப்பை உசத்தினா அடுத்த வயல்காரர் வந்து கேட்பார், என் பயிர் அழுகினா யார் பதில் சொல்றதுன்னு. இங்க யாரும் கேட்கல" என்றாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர், பெரிய மனிதர், தாளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டு, "சர்வே நன்றாக இருக்கிறது. இதில் டிசைன் எங்கே?" என்றார். பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, மன்னிக்கணும். காலையிலிருந்து பார்த்ததில் யார் மேல் தண்ணீர் போகும் என்று சொன்ன படம் இது ஒன்றுதான். மற்றவர்கள் தண்ணீருக்கு இடம் கொடுத்தார்கள். யாருடைய இடம் என்று சொல்லவில்லை. இவள் எல்லோரிடமிருந்தும் மூன்றடி கேட்கிறாள். ஒருவரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பவில்லை" என்றேன். அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது. மூன்றடியை யார் கொடுப்பார்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். இரண்டு பேரும் அவளை வைத்துக்கொண்டு இருட்டும்வரை பேசினோம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இரண்டு வாரமாக என்னை எழுதவிடாமல் செய்தது.

எங்கள் அடுக்குமாடியில் எட்டு வீடு. கட்டி முப்பது வருடம் ஆகிறது, கம்பி துருப்பிடித்து சீலிங் உதிர்கிறது. இடித்துக் கட்ட ஒரு பில்டர் வந்திருக்கிறார். எல்லோருக்கும் கொஞ்சம் பெரிய வீடு, லிஃப்ட், கீழே கார் நிறுத்தம். என் முழங்காலுக்கு லிஃப்ட் என்ற சொல் எவ்வளவு இனிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நானும் மூன்றாவது மாடிக்காரரும்தான் பாக்கி. பிளானில் மனை முழுவதும் இடிபாட்டையும் கிராவலையும் கொட்டி, ரோட்டுக்கு மேல் நாலடி ஏற்றுவதாக இருக்கிறது. சுற்றிலும் கான்கிரீட் சுவர்.

எங்களுக்குப் பின்னால் பதினான்கு லைன் வீடுகள். பூக்காரம்மா, இஸ்திரி போடுகிறவர், இரண்டு பெயின்டர்கள், எங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணின் அம்மா. இன்றைக்கு மழைத்தண்ணீர் அங்கிருந்து எங்கள் மனை வழியாகத்தான் ரோட்டு வடிகாலுக்கு வந்து வடிகிறது. நாங்கள் நாலடி ஏற்றிச் சுவர் வைத்தால் அந்த இடம் தொட்டி. 2015-இல் எங்கள் முதல் மாடி வீட்டில் ஐந்து நாள் பதினொரு பேர் இருந்தோம், அதில் ஆறு பேர் அந்த லைன் வீட்டுக்காரர்கள். தண்ணீர் அப்போது அவர்கள் ஜன்னல் வரை. இனி எவ்வளவு என்று டியூப் லெவல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் பயமும் நியாயம். 2024 அக்டோபரில் மழை வரப்போகிறது என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, எங்கள் செக்ரெட்டரியின் காரும் அதில் ஒன்று. அவர் அந்தக் காருக்கு இன்னும் தவணை கட்டுகிறார். "டீச்சரம்மா, நம்ம ஒருத்தர் ஏத்தலைன்னா தெருவே மாறிடுமா? பக்கத்துல ஏத்திட்டாங்க. நாம மட்டும் ஏன் முழுகணும்?" என்கிறார். என் மகன் போனில், "அம்மா, உனக்கு எழுபது ஆச்சு. போட்டுட்டு நிம்மதியா இரும்மா" என்கிறான். அவன் கவலை அவனுக்கு.

அந்தத் திருவாரூர்ப் பெண்ணை வீட்டுக்கு வரச்சொன்னேன். போன சனிக்கிழமை கொத்தனாரோடு வந்தாள். எங்கள் மனை, பின்பக்கம், ரோடு எல்லாம் அளந்தாள். மூன்றாவது மாடிக்காரர் குழாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், ரிடையர்டு ஆடிட்டர், குழந்தை மாதிரி உற்சாகம். அவள் வரைந்து கொடுத்தது இதுதான்: கார் நிற்கும் பகுதியில் முன்பாதியை மட்டும் இரண்டரை அடி ஏற்றலாம், 2015 மட்டத்துக்கு அது போதும். பின்பாதியில் மண் கொட்டாமல் தூண் மட்டும். கிழக்கு ஓரம் ஆறடி அகலத்துக்குத் தரையைத் தொடாமல் விட்டு, பின்பக்கத் தண்ணீர் வந்து வடிய வழி. சுவருக்கு அடியில் கம்பி வைத்த திறப்புகள். மின் மீட்டரும் ஜெனரேட்டரும் முதல் மாடி மட்டத்தில். பில்டரிடம் காட்டினேன். பார்த்தார். இரண்டு கார் நிறுத்தம் குறையும் என்றார். செய்ய முடியாது என்று சொல்லவில்லை. எட்டுப் பேரும் ஒத்துக்கொண்டால் பிளானை மாற்றித் தருகிறேன் என்றார்.

ஆக இரண்டு கார் நிறுத்தம். பதினான்கு வீட்டுக்கு எதிராக வைத்துப் பார்த்தால் அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்த இரண்டு கார் யாருடையது என்பதில்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் நடக்கும். எனக்குக் கார் கிடையாது, அதனால் என் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் ஓர் இடம் வேண்டும். ஆடிட்டர் யோசிக்கிறார், அவர் மகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது கார் வேண்டுமாம். மாற்றிய பிளான் வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுவேன். வராவிட்டால் போடப்போவதில்லை, அதையும் சொல்லிவிட்டேன். செக்ரெட்டரி இரண்டு நாளாக வணக்கம் சொல்வதில்லை.

மீட்டிங்குக்கு முன்னால் ஒரு உதவி வேண்டும். உங்களில் பலர் எங்கள் பின்தெருவில், ஏரிக்கரைப் பக்கம், கருமாரியம்மன் கோயிலை ஒட்டி குடியிருந்தவர்கள். 2005, 2008, 2015, 2023, எந்த மழையானாலும் சரி, உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எழுதுங்கள். நிறைய வந்தது என்று எழுதாதீர்கள், உங்களுக்கு நான் அப்படியா சொல்லிக் கொடுத்தேன்? எத்தனையாவது படி, ஸ்விட்ச் போர்டுக்கு மேலா கீழா, கட்டில் முழுகியதா, எத்தனை நாளில் வடிந்தது. போட்டோ இருந்தால் தேதியோடு அனுப்புங்கள். அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை ராத்திரிக்குள் வந்தால் நல்லது.